மூன்றாம் வள்ளம்

இத்தா முடிந்து பள்ளிக்கூடம் போன அன்று நான் படிப்பிக்கப் போகவில்லை. வேலையை விடப்போகிறேன் என்று அதிபரிடம் சொல்லத்தான் கிண்ணியாவில் பஸ் ஏறினேன். கணவரை அடக்கம் செய்த பிறகு இத்தாவில் நான்கு மாதங்களுக்கு மேல் வீட்டுக்குள்ளேயே இருந்தவளுக்கு வெயிலில் கண் கூசும் என்று நினைத்திருந்தேன். கூசவில்லை. பாலத்தில் போகும்போது பக்கத்தில் இருந்த பெண் கடலைக் காட்டி ஏதோ சொன்னாள். தலையை ஆட்டினேன். அந்த நாட்களில் யார் என்ன சொன்னாலும் தலையைத்தான் ஆட்டிக்கொண்டிருந்தேன்.

அதிபர் கூட்டம் ஒன்றுக்குப் போயிருந்தார். அவர் வரும்வரை சும்மா இருப்பானேன் என்று, என் பொருட்களை எடுக்க எட்டாம் தரத்துக்குப் போனேன்.

சுவரில் அந்த விளையாட்டுப் படம், கடலும் காகித வள்ளங்களுமாக, அப்படியே இருந்தது. கணிதம் என்றாலே முகத்தைத் திருப்பும் பிள்ளைகளுக்காக நான் தொடங்கியது. என் தம்பி நாள் முழுக்கப் போனில் அரக்கர்களைக் கொன்று லெவல் ஏறுவான். அவனை ஏசி அலுத்துப்போய், அந்த வித்தையையே வகுப்புக்கு எடுத்துக்கொண்டேன். பிள்ளைகளை நான்கு வள்ளங்களாகப் பிரித்தேன். சுக்கான் பிடிப்பவர், வலை இழுப்பவர், வைத்தியர் என்று ஆளுக்கொரு வேலை. ஆளுக்குச் சில உயிர்கள். சிவப்புப் பிரிஸ்டல் அட்டையில் வெட்டிய வட்டங்கள். கணக்குச் சரி வந்தால் வள்ளம் முன்னே போகும், அல்லது அதற்குப் பதிலாக ஓர் உயிர் கூடும். பள்ளிக்கு வராவிட்டால் உயிர் போகும். வள்ளத்தில் இருப்பவர்கள் விரும்பினால் தங்கள் உயிரைக் கொடுத்து வராதவரைக் காப்பாற்றலாம். திரும்பி வருபவர் பலகையில் ஒரு கணக்குச் செய்துகாட்ட வேண்டும். பிழை விட்டால் மறுநாளும் வந்து செய்ய வேண்டும். சட்டம் போடுவதில் எனக்கு ஆசை கொஞ்சம் அதிகம். வீட்டில் கணவர் என்னைப் பார்லிமென்ட் என்றுதான் கூப்பிடுவார்.

நான் இல்லாத மாதங்களிலும் பிள்ளைகள் விளையாடியிருந்தார்கள்; மற்ற வள்ளங்கள் துறைமுக வாயைத் தாண்டியிருந்தன. மூன்றாம் வள்ளம் மட்டும் கரையை விட்டு அசையவில்லை. அதில் பிள்ளைகளின் பெயர்களுக்குக் கீழே, புதிதாக, கோணல் எழுத்தில், ‘டீச்சர் – வைத்தியர்’ என்று இருந்தது. பக்கத்தில் ஒரே ஒரு சிவப்பு வட்டம்.

“இந்த வள்ளம் ஏன் இங்கயே நிக்குது?” என்று கேட்டேன்.

சுக்கான் பிடிக்கும் பிள்ளை எழுந்தாள். “வள்ளத்த ஓட்டாம உயிரா எடுத்து ஒங்களுக்குக் குடுத்துக் குடுத்து எங்கட உயிரெல்லாம் முடிஞ்சிட்டு டீச்சர். இதான் கடைசி. இந்தக் கிழமையும் நீங்க வரல்லெண்டா மவுத்தாகி இருப்பீங்க.”

சாவைச் சொல்லும் அந்த மவுத்து என்ற சொல்லை அதுவரை யாரும் என் முன்னால் சொன்னதில்லை. வீட்டுக்கு வந்தவர்கள் எல்லோரும் அதைச் சுற்றிச் சுற்றியே கதைத்துவிட்டுப் போனார்கள். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். நான் அழவேண்டிய இடம் அது என்று எனக்குத் தெரிந்தது. அழுகை வரவில்லை.

“கணக்குச் செய்யணும் டீச்சர்” என்று மெதுவாகச் சொல்லி, பலகையில் ஒரு சமன்பாட்டை எழுதிவிட்டு வெண்கட்டியை நீட்டினாள்.

நித்திரையிலும் நான் செய்யக்கூடிய கணக்கு. செய்தேன். திரும்பிப் பார்த்தபோது பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“பிழை டீச்சர்.”

மறுபக்கம் கொண்டுபோகும்போது குறியை மாற்ற மறந்திருந்தேன். அதற்காகத்தான் வருடம் முழுக்க அவர்களை ஏசியிருக்கிறேன். ஒருவரும் சிரிக்கவில்லை.

“நாளைக்கு வந்து திரும்பச் செய்யணும். நீங்க போட்ட சட்டம்தானே” என்றாள்.

“ஓம்” என்றேன். சந்தோஷம் வந்தது என்று சொன்னால் பொய். ஆனால் நாளைக்கு என்ற சொல்லுக்குள் செய்வதற்கு ஒரு வேலை இருந்தது. அவர் போன பிறகு அப்படி ஒன்றும் இருந்ததில்லை.

பொருட்களை எடுக்காமல் வெளியே வந்தேன். அதிபர் வாசலில் வந்துகொண்டிருந்தார்.

“என்னவோ சொல்ல வேணும் எண்டு வந்தீங்களாம் டீச்சர்?”

“நாளைக்கு எனக்கு ஒரு கணக்கு இருக்கு சேர்” என்றேன்.