மூக்கு ஆபரேஷனும் சந்தியாகுவின் வலது கண்ணும்

1. பகல் சாப்பாட்டு நேரம்

ஆண்கள் வார்டில் சாப்பாட்டுத் தட்டுகளை எடுத்துக்கொண்டிருந்தபோது ரோசம்மாள் என் பின்னால் வந்து நின்றாள். குரலை உயர்த்தவில்லை.

"சிஸ்டரம்மா, அவுக வலது கண்ணு பெருசாயிட்டே வருது. கொஞ்சம் வந்து பாருங்க."

அவள் கணவர் சந்தியாகு சங்குக் குளிப்பவர். மூச்சடக்கிக் கடலுக்கு அடியில் போய்ச் சங்கு பொறுக்கி வரும் தொழில். இரண்டு நாள் முன்பு எங்கள் ராமநாதபுரம் ஆஸ்பத்திரியில் அவருக்கு மூக்கில் ஆபரேஷன் நடந்திருந்தது. அன்று காலை ரவுண்ட்ஸில் நான் பார்த்தபோது இரண்டு கண்களும் ஒரே அளவில்தான் வீங்கியிருந்தன. மூக்கெலும்பைத் தட்டிச் சரிசெய்தால் கண் இமைகள் வீங்கும், இரண்டாம் நாள் அதிகமாகும், பிறகு வடியும். இதை வீட்டாருக்கு நான் முன்பே சொல்லியிருந்தேன். ஆனால் இப்போது வலது இமை மட்டும் இடதைப் போல இரண்டு பங்காக உப்பி, பளபளவென்று நின்றது. ஒரு பக்கம் மட்டும் திடீரென்று ஏறும் வீக்கத்தை நாங்கள் சாதாரணமாக எடுத்துக்கொள்வதில்லை. கண்ணுக்குப் பின்னால் ரத்தம் கட்டினாலும் அப்படித்தான் தொடங்கும். அப்படியானால் பார்வை போய்விடும், அதுவும் சீக்கிரமே.

2. அவர் ஏன் மூக்கைச் சரிசெய்துகொள்ள வந்தார்

சில வருஷங்களுக்கு முன் நீருக்கடியிலிருந்து மேலே வரும்போது அவர் முகம் வள்ளத்தின் அடிப்பலகையில் மோதிவிட்டது. புண் ஆறியது, மூக்குத் தண்டு உள்ளே அமுங்கியே நின்றுவிட்டது. மூச்சுக்குக் குறைவில்லை. ஆனால் அந்தக் காலத்தில் மூக்கு அமுங்கிய ஆளைப் பார்த்தால் ஊர் ஒரே ஒரு வியாதியைத்தான் நினைக்கும்: தொழுநோய். டீக்கடையில் அவருக்கென்று ஒரு கிளாஸைத் தனியாகக் கவிழ்த்து வைத்தார்கள். பெருநோய் இல்லை என்று டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டை அவர் மடியிலேயே வைத்திருந்தார். கடைக்காரர் அதை வாங்கிப் படித்துவிட்டு, அதே கிளாஸில்தான் டீ ஊற்றினாராம்.

மாதம் ஒரு முறை மதுரையிலிருந்து வரும் சர்ஜன், மூக்கெலும்பை உடைத்துப் பொருத்தி, இடுப்பெலும்பில் சிறு துண்டெடுத்து மூக்குத் தண்டில் வைத்துத் தூக்கிவிட்டார். மறுநாள் ரயிலில் ஊர் திரும்பிவிட்டார்.

ரோசம்மாளுக்கு இந்த ஆபரேஷனில் விருப்பமில்லை. கட்டிலருகே நின்று அவள் சொன்னது எனக்குக் கேட்டது.

"சினிமாக்காரன் மூக்கு வேணுமின்னீக. இப்ப கண்ணு போச்சுன்னா, கடலுக்கடியில தடவித் தடவியா சங்கெடுப்பீக?"

"ஏம்புள்ள, நானே பயந்துபோயிக் கெடக்கேன்" என்றார் அவர்.

3. டிரங்க் கால்

எங்கள் டாக்டர் உச்சிப்புளிக்கு ஒரு கேஸ் பார்க்கப் போயிருந்தார். அவரை அழைத்துவர ஆள் அனுப்பிவிட்டு, மதுரைக்கு டிரங்க் கால் போட்டேன். லைன் கிடைக்கும்வரை ஆபீஸ் அறைக்கும் வார்டுக்கும் நடந்துகொண்டிருந்தேன். கட்டிலின் தலைப்பக்கம் உயர்த்தித்தான் இருந்தது. மண்டபம் கடற்கரையிலிருந்து மீன் கூடைகளோடு உமியில் புதைந்து வரும் ஐஸைக் கழுவி, துணியில் சுற்றி, நெற்றியிலும் கன்னத்திலும் இடைவிட்டு வைத்துக்கொண்டுதான் இருந்தோம். எதில் தவறு நேர்ந்தது என்று எனக்குப் பிடிபடவில்லை.

லைனில் சர்ஜன் நான் சொன்னதைக் குறுக்கிடாமல் கேட்டார்.

"கண்ணு முன்னாடி பிதுங்குதா? விழி கல்லு மாதிரி இருக்கா? பார்வை இருக்கா? இமையைத் தொட்டா நறநறன்னு இருக்கா? நாலையும் பாத்துட்டு வந்து சொல்லுங்க சிஸ்டர். நான் போனை வைக்கல. பிதுங்கினா கார் பிடிச்சு உடனே இங்க அனுப்பணும்."

திரும்பி வந்து கை கழுவினேன். வீங்கிய இமையைத் திறக்கும்போது விழியில் துளி அழுத்தம்கூட விழக்கூடாது. மேல் இமையைப் புருவ எலும்பின் மேலும், கீழ் இமையைக் கன்ன எலும்பின் மேலும் தாங்கி விலக்க வேண்டும். ரோசம்மாள் என் முழங்கையைப் பிடித்தாள்.

"தோண்டிறாதீக சிஸ்டரம்மா."

"தோண்டல. அவருக்கு என்ன தெரியுதுன்னு நீங்களும் கேளுங்க."

இமை ஒரு கீற்று திறந்தது. விழி பிதுங்கவில்லை, இடது கண் அளவிலேயே இருந்தது. மற்றொரு கையை நீட்டினேன்.

"என்ன தெரியுது?"

விழி என் கையைத் தேடி நகர்ந்து நின்றது.

"ரெண்டு விரலு" என்றார். பிறகு, "ஒண்ணுல அயோடின் கறை."

ரோசம்மாள் என் முழங்கையை விட்டாள். இமையை விரல் நுனியால் தொட்டேன். அடியில் விழி கல்லாக இறுகியிருக்கவில்லை. ஆனால் இமை, உப்புக் கல்லை விரலுக்கடியில் நெரிப்பது போல் நறநறத்தது. அப்படியானால் உள்ளே இருந்தது ரத்தமல்ல, காற்று.

"மூக்கைச் சிந்தினீங்களா?"

"இல்ல சிஸ்டர். நீங்கதான் கூடாதுன்னீங்களே. அந்தோணியார் சத்தியமா சிந்தல."

"தும்மல் வந்துச்சா?"

"இல்ல."

"நான் பக்கத்துலதான் இருக்கேன். சிந்தவே இல்ல" என்றாள் ரோசம்மாளும்.

இருவரும் பொய் சொல்பவர்களாகத் தெரியவில்லை. "காலையில மூக்குல இருந்து துணியை எடுத்தமே, அதுக்கப்புறம் என்னதான் செஞ்சீங்க?"

"ஒண்ணுஞ் செய்யல. காது அடைச்சிருந்துச்சு. அதைத் திறந்துவிட்டேன்."

"எப்படி?"

அவர் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் மூக்கருகே கொண்டுபோய், வாயை மூடி, நெஞ்சில் காற்றைப் பிடித்தார். எட்டி மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன்.

"வேணாம். செஞ்சு காட்ட வேணாம்."

"இது காதுக்குத்தானே சிஸ்டர்? அடிக்குப் போறப்ப எல்லாரும் செய்யிறதுதான். இல்லாட்டி காது பிஞ்சிரும்."

அவர் கணக்கில் அது காது வேலை. மூக்குச் சிந்துவதோடு அதற்குச் சம்பந்தமில்லை. மூக்கைப் பொத்திக்கொண்டு உந்திய காற்று, உடைத்துப் பொருத்திய எலும்பின் இடுக்கு வழியாக இமைக்குள் போயிருந்தது. போனுக்குத் திரும்பிப் போய்ச் சொன்னபோது சர்ஜனும் அதைத்தான் உறுதிசெய்தார். காற்று தானாகக் கரையும், பெனிசிலின் போடுங்கள், பார்வையை அடிக்கடி சோதியுங்கள், மூச்சை அடக்கவே கூடாது, முக்கவும் கூடாது என்றார்.

"மூச்சு அடக்கக் கூடாதுன்னு என்கிட்டப் போயிச் சொல்றாகளே" என்றார் சந்தியாகு. அன்றைக்கு முதல் தடவையாக ரோசம்மாள் சிரித்தாள்.

4. வடிந்த விதம்

அதன் பிறகும் நான் நிம்மதியாக இருக்கவில்லை. ஒவ்வொரு முறை இமையை விலக்கும்போதும் அயோடின் கறையைச் சொல்லும்வரை எனக்கு மூச்சு வராது. நறநறப்பு முதலில் மறைந்தது. பிறகு நீலமும் வீக்கமும் கன்னத்துக்கு இறங்கின. "இப்ப இங்கன பரவுதே" என்று ரோசம்மாள் பயந்தாள். தலையை உயர்த்தி வைத்தால் நீர் கீழ்நோக்கித்தான் இறங்கும். அது பரவுவதல்ல, வடிவது என்று விளக்கினேன். நீலம் மஞ்சளாகி மங்கியது. ஒரு காலையில் இரண்டு கண்களும் தாமாகத் திறந்தன. இப்போதைக்குக் கடலில் இறங்கக் கூடாது என்று சர்ஜன் சொன்னதை எடுத்துச் சொல்லித்தான் வீட்டுக்கு அனுப்பினோம்.

அடுத்த தடவை சர்ஜனிடம் காட்ட வந்தபோது ரோசம்மாளிடம் டீக்கடையைப் பற்றிக் கேட்டேன்.

"எல்லாக் கிளாஸையும் ஒண்ணாப் போட்டுக் கழுவினாரு, எடுத்து ஊத்தினாரு. இவுகதான் கையில வாங்கிக்கிட்டு, இது யாரு கிளாஸுன்னு ரொம்ப நேரம் பாத்துக்கிட்டு நின்னாக" என்றாள்.

இளம் சிஸ்டர்களுக்கு ஒன்று சொல்லி முடிக்கிறேன். முக ஆபரேஷன் கேஸ் வந்தால், செய்யக் கூடாதவற்றைச் சொல்வதற்கு முன் அவர் என்ன தொழில் செய்கிறார் என்று கேளுங்கள். அந்தத் தொழிலில் மூக்குக்கும் வாய்க்கும் மூச்சுக்கும் என்ன வேலை என்று விவரமாகச் சொல்லச் சொல்லுங்கள். ஆபரேஷனுக்கு முன்பானால், செய்தே காட்டச் சொல்லுங்கள்.