தூங்கித் தூங்கிப் பார்த்த பிரெஞ்சு அரண்மனைகள்

செப்டம்பர் தொடக்கத்தில் நானும் என் கணவரும் பிரான்ஸின் லுவார் ஆற்றுப் பக்கம் பத்து நாள் சுற்றிவிட்டு வந்தோம். என்ன பார்த்தாய் என்று கேட்டால் குழப்பமாகத்தான் இருக்கிறது. படங்களில் நான் நிற்கிறேன். போன ஞாபகம் பாதிக்கு இல்லை. ஆனாலும் நியூசிலாந்தில், எங்கள் ஒக்லண்டிலிருந்து போக நினைப்பவர்களுக்கு உதவும் என்று எழுதுகிறேன்.

அவருக்கு மங்கரேயில், விமானச் சரக்குக் கிடங்கில் வேலை; இரவு பத்துக்குத் தொடங்கி காலை ஆறுக்கு முடியும். எனக்கு நியூ லின்னில் உடுப்புக்கடையில் பகல் வேலை. அவர் வந்து தேத்தண்ணி குடிக்கும்போது நான் சாப்பாட்டுப் பெட்டியோடு ஓடுவேன். ஆறு வருடமாக இப்படித்தான். "உம்மோட ஒரு விசயம் ஆறுதலாக் கதைக்கோணும். அங்க போய்க் கதைப்பம்" என்று விமானம் ஏறும்போதே சொன்னார். என்ன என்று கேட்டால் சிரிப்பு.

பாரிஸ் விமான நிலையத்திலிருந்தே தூர் நகருக்குப் பக்கத்து நிலையம் வரை அதிவேக ரயில் உண்டு. ஏறக்குறைய ஒன்றே முக்கால் மணி நேரம். அங்கே கார் எடுத்தோம். வலப்பக்கம் ஓட வேண்டும். சில சந்திகளில் வலப்பக்கமிருந்து வருபவருக்கு வழிவிட வேண்டுமாம். எந்தச் சந்தி என்பது இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. அவரோ திரும்பும்போதெல்லாம் சிக்னலுக்குப் பதிலாக வைப்பரைப் போட்டார். வெயிலில் கண்ணாடி துடைத்துக்கொண்டே போனோம்.

பெரிய குழப்பம் இனித்தான். அப்போது பிரான்ஸ் நமக்குப் பத்து மணி நேரம் பின்னால். அங்கே மதியம் பன்னிரண்டு என்றால் இங்கே இரவு பத்து. அவருக்கு அது வேலை தொடங்கும் நேரம், ஆள் உற்சாகமாக இருந்தார். எனக்கோ கண் சொக்கியது. ஷெனோன்சோவில் ஆற்றின் மேல் கட்டிய அரண்மனையை அவர் தனியாகப் பார்த்தார். நான் காரில் தூங்கினேன். அம்புவாஸிலும் அதே கதை.

"ஏன் எழுப்பேல்லை?" என்று சண்டை பிடித்தேன்.

"எழும்பும் எழும்பும் எண்டு எத்தினை தரம் சொன்னனான்! நீர் ஓம் ஓம் எண்டனீர். அந்த விசயத்தைச் சொன்னதுக்கும் ஓம் எண்டனீர்."

திரும்பக் கேட்டால் சொல்ல மறுத்துவிட்டார். "முழிப்பா இருக்கேக்க சொல்லுறன்." எதற்கு ஓம் சொல்லித் தொலைத்தேன் என்று தெரியாமல் தவித்தேன்.

ஏழாம் நாள்தான் கண் ஒழுங்காகத் திறந்தது. அன்று ஷாம்போர் அரண்மனை, அம்புவாஸிலிருந்து ஐம்பது கிலோமீட்டர் அளவில். அதன் நடுவே ஒன்றையொன்று சுற்றிக்கொண்டு போகும் இரண்டு படிக்கட்டுகள். ஒன்றில் அவர் ஏறினார், மற்றதில் நான். இடையிலுள்ள திறப்புகளில் அவர் முகம் தெரியும், கை காட்டுவார், மறைந்துவிடுவார். ஏறும்போது சந்திக்கவே முடியாது.

"இதைப் பாக்க இவ்வளவு தூரம் வரோணுமே? எங்கட வீட்டிலயே இருக்கு!" என்று கத்தினேன்.

மேலே போனபோது மூச்சு வாங்கிக்கொண்டு நின்றார். "பகல் வேலை ஒண்டு வந்திருக்கு. சம்பளம் கொஞ்சம் குறைவு. போனவுடன முடிவு சொல்லோணும். எடுக்கட்டோ?"

"அண்டைக்கு நான் ஓம் எண்டது இதுக்கோ?"

"ஓம். நித்திரையில சொன்ன ஓமை நான் கணக்கில எடுக்கேல்லை."

சந்தோசப்பட வேண்டிய நேரம். எனக்குப் பயம் வந்தது. தினமும் மாலை முழுவதும் இந்த மனிதரோடு என்ன பேசுவது? எதிரே பார்த்தேன், அவர் முகத்திலும் அதே பயம். அதைக் கண்டபிறகுதான் எனக்குத் தைரியம் வந்தது.

"முழிச்சிருந்து சொல்லுறன். எடுங்கோ."

போகிறவர்களுக்கு: முதல் ஆறு நாளுக்கு எந்த நுழைவுச்சீட்டும் முன்கூட்டியே எடுக்காதீர்கள். கிராமங்களில் மதியச் சாப்பாட்டுக்கு ஒன்றரைக்கு முன் போய்விடுங்கள், பிறகு சமையலறையை மூடிவிடுவார்கள். திரும்பி வந்த பிறகும் சில நாள் லீவு வைத்திருங்கள்.

அவர் பகல் வேலை தொடங்கி மூன்று வாரமாகிறது. ஐந்தரைக்கு வருகிறார். நான் தேத்தண்ணி போட்டுக்கொண்டு வருவதற்குள் சோபாவில் தூங்கிவிடுகிறார். நேற்றும் அப்படித்தான். "இஞ்சருங்கோ, எழும்புங்கோ" என்றேன். கண்ணைத் திறக்காமலே "ஓம்" என்றார்.

"அடுத்த வருசமும் பிரான்ஸுக்குப் போவமோ?"

"ஓம்."

இந்த ஓமை நான் கணக்கில் எடுத்துக்கொண்டேன்.