கொட்டிலில் இரண்டு போத்தல்கள்

திருகோணமலையில் என் மோட்டார் சைக்கிளைத் தொட்ட கராஜ்காரர் எல்லோருடனும் நான் சண்டை பிடித்து முடித்துவிட்டேன். ஒருவர் மரை தேயும்வரை ஆணியை முறுக்கினார். இன்னொருவர் குனிந்து பார்த்துவிட்டுச் சங்கிலி எங்கே என்று கேட்டார். அந்தக் கேள்வியோடு அவரையும் கைவிட்டேன். என்னுடையது சங்கிலி இல்லாத வண்டி. எஞ்சினிலிருந்து ஓர் இரும்புத் தண்டு குழாய்க்குள்ளால் போய், பின்சில்லோடு இருக்கும் பற்சக்கரப் பெட்டியைச் சுழற்றும். கப்பலில் வேலை செய்த ஒருவர் நாட்டைவிட்டுப் போகும்போது எனக்கு விற்றது. கடற்காற்றில் மற்றவர்களின் சங்கிலி துருப்பிடித்துக் கறகறக்கும். என் வண்டி சத்தமில்லாமல் போகும். அந்தப் பெருமை எனக்கு உண்டு. அளவுக்குக் கொஞ்சம் கூடவே உண்டு.

பராமரிப்பெல்லாம் வீட்டில், என் கையால்தான். முக்கியமான வேலை பின்சில்லுப் பெட்டிக்குக் கியர் ஒயில் மாற்றுவது. முதலில் உப்புவெளிவரை ஓடிவிட்டு வரவேண்டும். சூடேறினால்தான் பழைய ஒயில் இளகி முழுதாக வடியும். வண்டியை நேராக நிறுத்தி, கீழே உள்ள ஆணியைக் கழற்றி, அலுமினியச் சட்டியைப் பிடிக்க வேண்டும். ஆணியின் நுனியில் காந்தம் இருக்கும். அதில் ஒட்டியிருக்கும் இரும்புப் பொடியைத் துணியால் துடைத்து, விரலில் தேய்த்துப் பார்ப்பேன். அரைத்த மா மாதிரி இருந்தால் நல்லது, துண்டு துண்டாக இருந்தால் பல் உடைகிறது என்று பொருள். பிறகு செப்பு வளையத்தைப் புதிதாகப் போட்டு ஆணியைப் பூட்டி, மேல் துவாரத்தின் விளிம்பு நனையும்வரை புது ஒயில் விடவேண்டும். அவ்வளவுதான் வேலை. ஆனால் நான் அதை ஒரு சத்திரசிகிச்சை நடத்துகிற தோரணையில்தான் செய்வேன்.

இதெல்லாம் நடப்பது வீட்டுக்குப் பின்னால் உள்ள கொட்டிலில். வீடு என்று சொல்லும்போது ஒன்றைச் சொல்லியாக வேண்டும். எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான். மாமாவும் மாமியும், அதாவது என் மனைவியின் தாய் தகப்பன், இந்தக் கொட்டிலில் அடுப்பு மூட்டி, இரண்டு பிள்ளைகளோடு படுத்தெழும்பி, முன்னால் கல்வீட்டைக் கட்டி முடித்தவர்கள். மகளுக்குக் கலியாணம் சரிவந்ததும் வீட்டை அவள் பெயரில் சீதனமாக எழுதிவிட்டு, திரியாயில் இருந்த பழைய வளவுக்குப் போய்விட்டார்கள். நான் ஒரு உடுப்புப் பெட்டியோடு வந்து ஏறியவன்.

மாமா காலமான பிறகு மாமி திரியாயில் தனியாக இருந்தார். மகன் வெளிநாட்டில். சென்ற மாரியில் கிணற்றடியில் வழுக்கி விழுந்து, ஏற்கனவே நொந்த முழங்கால்கள் இரண்டும் இன்னும் மோசமாகிவிட்டன. மனைவி போய்க் கூட்டிவந்தாள். மாமி பெரிய பை கொண்டுவரவில்லை. கால் சுகமானதும் போய்விடுவேன் என்று படியில் ஏறும்போதே சொன்னார். அன்று சமைத்துக்கொண்டே குசினிக்குள் வைத்து மனைவி என்னிடம் கேட்டது ஒன்றுதான்.

"அம்மா இனி அங்க தனிய இருக்க ஏலாது. அவ இஞ்சயே இருக்கவேணும். உங்கட வாயால அவ வெளிக்கிடுறமாதிரி வைச்சிராதேங்கோ."

ஓம் என்றேன். மனதாரத்தான் சொன்னேன். மாமியோடு எனக்கு ஒரு கோபமும் இல்லை. என் வாயைப் பற்றி மனைவிக்குத் தெரிந்த அளவு எனக்குத் தெரியாது.

முழங்காலுக்கு மூதூரில் நாட்டுவைத்தியம் பார்க்கும் ஒரு பரியாரியார் எண்ணெய் காய்ச்சிக் கொடுத்தார். போத்தல் நாங்கள்தான் கொண்டுபோக வேண்டும். வீட்டில் காலிப் போத்தல்களுக்குப் பஞ்சமில்லை, அவை எப்படிக் காலியாகின்றன என்று விரிக்கத் தேவையில்லை. சாராயப் போத்தல் ஒன்றைக் கழுவிக் கொடுத்தோம். கறுத்துத் தடித்த எண்ணெய். வேப்பெண்ணெய், உள்ளிப்பூண்டு, இன்னும் என்னென்னவோ சேர்ந்த மணம். மாமி பின்னேரங்களில் விறாந்தைக் கதிரையில் இருந்து பூசுவார். வேலையால் வந்து படலையைத் திறக்கும்போதே அந்த மணம் என்னை வரவேற்கும். சில நாட்கள் பல்லைக் கடித்தேன். ஒருநாள் நான் வேலை செய்யும் துறைமுகத்தில் மேலதிகாரியோடு முட்டிக்கொண்டு வந்தேன், அன்றைக்கு என்று சோற்றிலும் அந்த மணம் வருவதாக எனக்குப் பட்டது.

இந்த நாற்றம் வீட்டுக்குள் இருக்க ஏலாது, போத்தலைக் கொண்டுபோய்க் கொட்டிலில் வைக்கவேண்டும் என்று சொன்னேன். மனைவியிடம்தான் சொன்னேன்; ஆனால் அறைக்குள் இருப்பவருக்கும் கேட்கும் குரலில். மனைவி எழும்புவதற்குள் மாமி போத்தலோடு வெளியே வந்தார். சுவரைப் பிடித்து, கதவு நிலையைப் பிடித்து, பின்வளவைக் கடந்து, தானே கொட்டிலுக்குப் போய் வைத்துவிட்டு வந்தார். மனைவி என்னைப் பார்த்தாள்; நான் தலையை நிமிர்த்தாமல் சோற்றைக் குழைத்துக்கொண்டிருந்தேன். அதன் பிறகு ஒவ்வொரு பின்னேரமும் மாமி அந்த நொந்த காலோடு கொட்டிலுக்கு நடந்தார். அங்கேயே பழைய பலகை வாங்கில் இருந்து பூசிவிட்டு, மணம் அடங்கியபின் வீட்டுக்குள் வந்தார். வீட்டில் மணம் இல்லை. எனக்கு அது வெற்றியாகத்தான் தெரிந்தது, வெட்கக்கேடு.

கியர் ஒயிலை நான் முன்வீதிக் கடையில் பீப்பாயிலிருந்து அளந்து வாங்குவேன். அதற்கும் போத்தல் நாங்கள்தான் கொண்டுபோக வேண்டும். அதுவும் அதே மாதிரிச் சாராயப் போத்தல்தான். வாங்கிவந்து கொட்டிலில் சுவர்த் தட்டில் வைத்தேன். பக்கத்தில் மாமியின் போத்தல். நிறம் ஒன்று, தடிப்பு ஒன்று. மணம் வேறுதான், ஆனால் கொட்டில் முழுக்கவே மருந்தெண்ணெய் மணம் ஊறியிருந்தது.

அந்தச் சனிக்கிழமை பக்கத்து வீட்டுக்காரர் மதிலுக்கு மேலால் தலையை நீட்டினார். பார்வையாளர் ஒருவர் கிடைத்துவிட்டால் எனக்குக் கண் மண் தெரியாது. காந்தத்தைக் காட்டினேன், இரும்புப் பொடியைக் காட்டினேன், இந்த ஊர்க் கராஜ்காரருக்கு ஒயிலுக்கும் தண்ணீருக்கும் வித்தியாசம் தெரியாது என்று விளக்கம் கொடுத்தேன். கொடுத்துக்கொண்டே கைக்கு எட்டிய போத்தலை எடுத்து, புனலை வைத்து, துவாரத்தின் விளிம்பு நனையும்வரை ஊற்றினேன். மிச்சம் கொஞ்சம்தான் இருந்தது. துடைக்கிற துணிக்கு ஆகும் என்று அதையும் கவிழ்த்துவிட்டு, வெறும் போத்தலை வேலியோரம் எறிந்தேன். தட்டில் ஒரு போத்தல் மிஞ்சியது. யோசித்திருந்தால் அது மாமியின் எண்ணெய் என்றுதான் நினைத்திருப்பேன். உண்மையில் அதை நினைக்கவே இல்லை.

அடுத்து வந்த நாட்களில் வண்டி வழக்கத்தைவிட மென்மையாக ஓடுவதாக எனக்குத் தோன்றியது. அலுவலகத்தில் இரண்டு பேருக்குச் சொல்லவும் செய்தேன். பிறகு ஒரு காலை துறைமுக வாசலில் அடையாள அட்டையைக் காட்ட நிறுத்தினேன். காவலுக்கு நின்றவர் கிண்ணியாக்காரர், என்னோடு பகிடி விடுகிறவர். மூக்கைச் சுளித்துக்கொண்டு வண்டியைச் சுற்றி வந்தார். பெட்டியிலிருந்து கசிந்த எண்ணெய் சூடான புகைக்குழாயில் சொட்டி வறுபட்டுக்கொண்டிருந்தது. உள்ளியும் வேப்பெண்ணெயும் தாளித்த மணம்.

"என்ன அண்ணன், வண்டிக்கு மூட்டு வருத்தமா?" என்றார்.

பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரிக்கப் பார்த்தேன். அரைச் சிரிப்பில் விளங்கிவிட்டது. வண்டியில் இருப்பது மாமியின் மருந்து என்றால், மாமி இத்தனை நாளும் பூசுவது எது? நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நான் கெட்டது வாயால், ஆனால் வெந்தது இன்னொருவர் கால். அட்டையை வாங்காமலே வண்டியைத் திருப்பினேன். வீதியில் வழக்கம்போல் எங்கள் ஊருக்குள் திரியும் மான்கள் குறுக்கே நின்றன, ஒவ்வொன்றுக்கும் ஹோர்ன் அடித்துத் திட்டிக்கொண்டு போனேன்.

மாமி கொட்டில் வாங்கில் இருந்தார். காலையிலும் நோவு கூடியதால் பூச வந்திருக்கிறார். சீலையை முழங்காலுக்கு மேல் ஒதுக்கி, உள்ளங்கையில் கியர் ஒயிலை ஊற்றியிருந்தார். தோல் சிவந்து, ஒரு பக்கம் பொக்குளித்து உரிந்திருந்தது. நான் அவரது கையைப் பிடித்துவிட்டேன். மருமகன் மாமியாரைத் தொடுகிற வழக்கம் எங்களிடம் இல்லை. அவர் திடுக்கிட்டார். சத்தம் கேட்டு மனைவியும் வந்தாள்.

சொன்னேன். எது எதற்குள் போனது, நான் எப்படி மதிலுக்கு மேலால் கதை அளந்துகொண்டு ஊற்றினேன், எல்லாம் சொன்னேன். மனைவி என்னைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன், திட்டினால் நன்றாயிருக்கும் என்றும் இருந்தது. அவள் சவர்க்காரமும் இளஞ்சூட்டுத் தண்ணீரும் கொண்டுவந்து, நிலத்தில் இருந்து, தாயின் காலைக் கழுவத் தொடங்கினாள்.

"எரியேல்லயே அம்மா? ஏன் சொல்லேல்ல?"

மாமி சீலையை இழுத்து விட்டுக்கொண்டு என்னைப் பாராமல் சொன்னார்.

"எரிஞ்சதுதான். மணமும் வேற எண்டு முதல் நாளே விளங்கினது. தம்பிக்கு அந்த மணம் ஏலாதுதானே, அதுதான் வேற எண்ணெய் வாங்கி மாத்தி வைச்சிருக்கிறார் எண்டு நினைச்சன். மகனிட்டயும் போனில சொன்னனான், மருமோன் எனக்கு மருந்து வாங்கித் தந்தவர் எண்டு."

 ஏசியிருந்தால் பதில் ஏதாவது சொல்லியிருப்பேன். எனக்குப் பதில் சொல்ல வரும்.  எரிகிற காலை, நான் செய்த நன்மை என்று எண்ணிப் பொறுத்திருக்கிறார். செய்யாத நன்மைக்குப் பெயரும் வாங்கித் தந்திருக்கிறார்.

ஆஸ்பத்திரிக்கு முச்சக்கர வண்டியில் போனோம். என்ன பூசினீர்கள் என்று டொக்டர் கேட்டபோது மனைவி என்னைப் பார்த்தாள். நான்தான் சொன்னேன். அந்த இளம் டொக்டர் தலையைக் குனிந்து எழுதிக்கொண்டே இருந்தார், தோள் மட்டும் கொஞ்சம் குலுங்கியது. மாமி அதைக் கண்டு, என் பக்கம் சரிந்து, பகிடி இல்லை, அவர் தெரிஞ்சு செய்யேல்ல என்று டொக்டரிடம் சொன்னார்.

புண் ஆறிவிட்டது. பின்சில்லுப் பெட்டியை மண்ணெண்ணெய் விட்டுக் கழுவிக் கழுவி, புதுச் சீல் போட்டு, இப்போது வண்டி ஓடுகிறது. யார் கேட்டாலும் அதைப் பற்றி நான் கதைப்பதில்லை. பரியாரியாரிடம் நானே போய் எண்ணெய் வாங்கிவந்தேன். அதைச் சாமியறைக்குப் பக்கத்து அலுமாரியில் வைத்து, இனி வீட்டுக்குள்ளேயே பூசுங்கோ என்று கெஞ்சினேன். மாமி திரியாய்க்குப் போகவில்லை. மனைவி கேட்டது நடந்துவிட்டது. மாமி எங்களோடுதான் இருக்கிறார்.

ஆனால் எல்லாவற்றுக்கும் என்னிடம் கேட்கிறார். கோபத்தில் அல்ல, குத்திக் காட்டவும் அல்ல. அப்படியென்றால் எனக்கு விளங்கும். மிகுந்த மரியாதையோடு கேட்கிறார். மூக்குக்கண்ணாடியை மேசையில் வைக்கலாமோ, மின்விசிறியைப் போடட்டோ, விளக்கை அணைக்கட்டோ. வேண்டாம் மாமி, கேக்காதேங்கோ என்று எத்தனையோ தரம் சொல்லிவிட்டேன். ஓம் தம்பி என்பார். அடுத்த நாளும் கேட்பார். மனைவி அந்த நேரத்தில் எழும்பிக் குசினிக்குள் போய்விடுவாள்.

நேற்றுப் பின்னேரம் நான் விறாந்தையில் இருந்தேன். மாமி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு வந்து, வெறுங்கதிரைக்குப் பக்கத்தில் நின்றார்.

"இதில கொஞ்சம் இருக்கலாமோ தம்பி?"

அவர் கட்டுவித்த வீடு. அவர் மண் சுமந்து நிரப்பிய விறாந்தை. அவரது கால் நடுங்கிக்கொண்டிருந்தது, நான் சொல்லும்வரை அவர் இருக்கமாட்டார்.

"இருங்கோ மாமி," என்றேன்.