பதினோராவது பந்து

என் வலது காலைப் பற்றிச் சொல்லித்தான் இதைத் தொடங்க வேண்டும். பழங்காநத்தத்துக்குத் தெற்கே தண்ணீர் வற்றிய ஒரு கண்மாயில் நாங்கள் பந்து விளையாடிய காலத்தில், ஒரு கோல் வாசலில் நின்று நான் உதைத்தால் பந்து எதிர்க் கோலைத் தாண்டிப் போய் விழும். வெறுங்கால்தான். பூட்ஸை வெள்ளைக்காரத் துரைமார் காலில் பார்த்ததோடு சரி. நான் ஆடியது பேக், கோலுக்கு முன்னால் நின்று தடுக்கிற இடம். என்னைக் கடந்து பந்து போகலாம், இல்லை ஆள் போகலாம், இரண்டும் சேர்ந்து போக முடியாது என்று எங்கள் கேப்டன் பெருமையாகச் சொல்வார். அதைக் கேட்டுக் கேட்டு எனக்குத் தலைக்கனம் ஏறிப்போயிருந்தது. கோபமோ எப்போதும் மூக்கு நுனியிலேயே இருக்கும்.

இரண்டாவது உலகச் சண்டை தொடங்குவதற்குச் சற்று முந்திய காலம். எனக்கு இருபது வயது. எங்கள் டீமில் சென்டர் பார்வர்ட் ஆடியவன் என் கூட்டாளி, எதிர்ச் சந்துக்காரன், என் வயதுக்காரன். நாங்கள் ஒருவரையொருவர் மாப்ள என்றுதான் கூப்பிட்டுக்கொள்வோம். நான் பின்னாலிருந்து உதைக்கிற பந்து எங்கே இறங்கும் என்று எனக்குத் தெரிவதற்கு முன்னால் அவனுக்குத் தெரிந்துவிடும். அது தரையைத் தொடும்போது அவன் கால் அங்கே இருக்கும். அவன் உதைத்துக் கோல் தவறியதை நான் பார்த்ததே இல்லை.

ஆட்டம் என்றால் அப்போது பாதி அடிதடி. சோழவந்தானில் ஒரு தடவை வைகை மணலில் ஆடினோம். இரண்டு கோல் போட்டு ஜெயித்துவிட்டோம், அதுதான் நாங்கள் செய்த தப்பு. ஊர்க்காரர்கள் பக்கத்து வெற்றிலைக் கொடிக்காலில் கட்டியிருந்த கம்புகளை உருவிக்கொண்டு வந்தார்கள். நான் ஒருவனைக் கீழே தள்ளி அவன் வாயில் மணலை அள்ளித் திணித்துக்கொண்டிருந்தேன். பின்னால் ஒருவன் என் மண்டையைக் குறிபார்த்துக் கம்பை ஓங்கியது எனக்குத் தெரியாது. கூட்டாளி குறுக்கே பாய்ந்து அதைத் தோளில் வாங்கினான். எலும்பு முறிகிற சத்தம் எனக்குக் கேட்டது. ரயிலில் வரும்போது அந்தத் தோளைப் பிடித்துக்கொண்டே, "ஒம்மண்டையில ஒண்ணுமில்லன்னு அவனுக்குத் தெரியலடா மாப்ள, வீணா அடிக்க வாரான்" என்று சிரித்தான்.

எங்கள் டீமில் ஒரு வழக்கம் இருந்தது. முன்பு ஒருவன் சொல்லாமல் கொள்ளாமல் வேறு டீமுக்குப் போய்விட, எங்கள் ஆட்கள் அவனைச் சந்தில் மடக்கி விறகுக்கட்டையால் அடித்துப் படுக்கையில் போட்டுவிட்டார்கள். அதற்கப்புறம் கேப்டன் ஒரு விதி செய்தார். போகிறவன் போகலாம். ஆனால் கோலின் இரண்டு மூங்கில் கம்புக்கும் நடுவில், கையைப் பின்னால் துண்டால் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். மிச்சமிருக்கும் பத்துப் பேரும் பத்தடி தள்ளி நின்று ஆளுக்கு ஒரு பந்து அவன்மேல் உதைப்பார்கள். கழுத்துக்கு மேலே உதைக்கக் கூடாது. முடிந்ததும் எல்லாரும் சேர்ந்து கலர் சோடா குடித்துவிட்டுப் பிரிய வேண்டும், பிறகு யாரும் பகை பாராட்டக் கூடாது. இதற்குக் 'கம்பம் நிற்பது' என்று பெயர். எங்களுக்கு இது பெரிய நியாயமாகத் தெரிந்தது. விறகுக்கட்டையைவிடப் பந்து நியாயம்தானே.

அந்த வருஷம் தை மாதம் ஊரில் ஒரு மில் தன் ஆட்களைக் கொண்டு டீம் கட்ட ஆரம்பித்தது. இப்போது அந்த மில் இல்லை. ஒரு நாள் ஆட்டம் முடிந்ததும் அதன் கிளார்க் குடையை மடக்கிக்கொண்டு கண்மாய்க்குள் இறங்கி வந்தார். நானும் கூட்டாளியும் பக்கத்தில் பக்கத்தில் நின்று முகம் கழுவிக்கொண்டிருந்தோம். அவர் அவனிடம் மட்டும் பேசினார். மில்லில் நிரந்தர வேலை, மாதம் பதினைந்து ரூபாய், சாயங்காலம் பந்து விளையாட வேண்டும், அவ்வளவுதான். என் பக்கம் அவர் திரும்பவேயில்லை. நான் அங்கே நிற்பதே அவர் கண்ணில் படாத மாதிரி இருந்தது.

எங்கள் வீட்டு நிலைமையைச் சொல்ல வேண்டும். மேற்கே இருந்த எங்கள் புஞ்சை காய்ந்து கிடந்தது. வேலை இல்லாமல் அண்ணன் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். அண்ணி ஒரு வார்த்தை சொல்ல மாட்டாள். எனக்குச் சோறு போடும்போது மட்டும் கரண்டி பானையில் இடிக்கும். அந்தச் சத்தம் போதும், பாதிச் சோற்றில் எழுந்துவிடுவேன். கூட்டாளிக்கோ தகப்பன் இல்லை, அம்மா நாலு வீட்டில் நெல் குத்தி அவனையும் இரண்டு தங்கைகளையும் காப்பாற்றினாள். வேலை எங்கள் இருவருக்கும் தேவைதான். அவனுக்கு என்னைவிட அதிகம் தேவை என்பதும் எனக்குத் தெரியும்.

தெரிந்தும் எனக்கு வயிறு எரிந்தது. சந்து முனையில் அவன் சட்டையைப் பிடித்தேன்.

"பதினஞ்சு ரூவாக்கு எங்கள வித்துட்டுப் போறியாடா?"

"அம்மா கையப் பாத்தியாடா நீ? தோலே இல்ல," என்றான். "நான் மொதல்ல உள்ள போயிக்கிறேன். அப்பறம் ஒனக்கும் சொல்லிப் பாக்குறேன் மாப்ள."

"ஒன் சிபாரிசு எனக்கு மயிருக்குச் சமானம்," என்று கன்னத்தில் அறைந்தேன். அவன் திருப்பி அடிக்கவில்லை. அடித்திருந்தால் என் கோபம் அங்கேயே தீர்ந்திருக்குமோ என்னவோ.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவன் கம்பம் நின்றான். தன் துண்டைத் தானே கொண்டுவந்து கேப்டனிடம் கொடுத்துக் கட்டச் சொன்னான். ஒன்பது பேர் உதைத்தார்கள். சிலர் மெதுவாக, சிலர் வெறியோடு. ஒரு பந்து அடிவயிற்றில் பட்டு மடங்கி விழுந்தான். கேப்டன் எழுந்திருக்கச் சொன்னதும் முழங்காலை ஊன்றி எழுந்து நின்றான். விலாவிலும் தொடையிலும் வட்ட வட்டமாகச் சிவந்திருந்தது. ஆனாலும் அவன் முகத்தில் ஒரு சிரிப்பு ஒட்டிக்கொண்டிருந்தது, வேலை கிடைத்தவனின் சிரிப்பு. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

பத்தாவது ஆள் நான். அந்தக் காலத்துப் பந்தில், உள்ளே ரப்பர் பிளாடரைத் திணித்து, வாயைத் தோல்வாரால் இழுத்துத் தைத்திருப்பார்கள். தலையால் முட்டினால் நெற்றியில் வாரின் தழும்பு விழும். நனைந்துவிட்டாலோ பந்து கருங்கல் கனம் கனக்கும். கண்மாயின் பள்ளத்தில் தண்ணீர் தேங்கியிருந்தது. நான் பந்தைக் காலால் உருட்டிக்கொண்டு அந்தத் தண்ணீருக்குள் போனேன். மிதித்து அமுக்கிப் பிடித்தேன். எல்லாரும் பார்த்தார்கள். கேப்டனும் பார்த்தார். ஒருவரும் தடுக்கவில்லை. பத்தடியில் கொண்டுவந்து வைத்து, வார் தைத்த பக்கத்தை அவனைப் பார்க்கத் திருப்பினேன். அப்போதும் அவன், "அடிடா மாப்ள, சீக்கிரம். கை வலிக்குது," என்றான்.

நெஞ்சைக் குறிவைத்தேன், கால் வழுக்கிவிட்டது என்றுதான் இத்தனை காலமும் சொல்லிவந்திருக்கிறேன். அது பொய். முகத்தைத்தான் குறிவைத்தேன். என் கால் வழுக்கவில்லை.

கை கட்டியிருந்ததால் அவனால் முகத்தைப் பொத்திக்கொள்ளக்கூட முடியவில்லை. கத்திக்கொண்டே முகத்தை மண்ணில் தேய்த்தான். கேப்டன் ஓடிப்போய்ப் புரட்டிப் போட்டார். இடது கண் இருந்த இடத்தில் ரத்தமும் சேறும்தான் தெரிந்தன. துண்டின் முடிச்சு நனைந்து இறுகிப்போயிருந்தது, கேப்டன் பல்லால் கடித்து அவிழ்த்தார். நான் நின்ற இடத்திலேயே நின்றேன். என் பாதத்தில் எரிச்சல் இருந்தது. சொன்னால் வெட்கம், அந்த நேரத்தில் எனக்குள் ஒரு திருப்தியும் இருந்தது. அவனை மாட்டுவண்டியில் ஏற்றிய பிறகுதான் வாந்தி எடுத்தேன்.

ஆஸ்பத்திரியில் கண்ணை எடுத்துவிட்டார்கள். விளையாட்டில் முட்டிக்கொண்டேன் என்று அவன் தன் அம்மாவிடம் சொல்லிவிட்டான். மில்லில் ஒற்றைக் கண்ணனை மெஷினுக்கும் சேர்க்கவில்லை, டீமுக்கும் சேர்க்கவில்லை. அவன் அம்மாவோடு நெல் குத்தப் போவதாகக் கேள்விப்பட்டேன். அந்தச் சந்தைத் தவிர்த்து, சுற்று வழியில் நடந்தேன். ஒரு தடவைகூட அவனைப் போய்ப் பார்க்கவில்லை. எப்படிப் போவது?

இரண்டு மாதம் கழித்து, பங்குனி வெயிலில், அதே கிளார்க் அதே குடையோடு அண்ணன் வீட்டு வாசலுக்கு வந்தார்.

"நீதான் அந்தப் பேக்கா? ஒரே ஒதையில ஒருத்தன் கண்ணையே எடுத்தியாமே? எங்க டீமுக்கு அம்புட்டு பலமான காலுதான் வேணும்," என்றார்.

அவனுக்குச் சொன்ன அதே வேலை, அதே பதினைந்து ரூபாய். அவரை அங்கேயே அடித்துத் துரத்தியிருக்க வேண்டும். அடிக்கிற கைதானே எனக்கு, சும்மா கிடந்தவர்களையெல்லாம் அடித்தவன்தானே. உள்ளே கரண்டி பானையில் இடிக்கும் சத்தம் கேட்டது. "வாரேன் சார்," என்றேன்.

கேப்டனிடம் போய்ச் சொன்னபோது அவர் என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. "ஞாயித்துக்கெழம துண்டு கொண்டாந்துரு," என்றார்.

கம்பம் நின்றேன். கூட்டாளியின் இடத்துக்குப் புதிதாக ஒருவன் சேர்ந்திருந்ததால் பத்துப் பேர் இருந்தார்கள். அந்தப் பத்துப் பேரில் ஒருவன்கூட மெதுவாக உதைக்கவில்லை. மூன்றாவது பந்து விலாவில் விழுந்தது, மூச்சு நின்று திரும்ப வந்தது. ஆறாவது பந்து தொடையிடுக்கில். மண்ணில் உருண்டு எழுந்தேன். கேப்டன் கடைசியாக வந்து, இடது முழங்காலைப் பார்த்து உதைத்தார். ஏதோ நழுவியது. மழை வரும் நாட்களில் இன்றைக்கும் அந்த முழங்கால் வலிக்கிறது. ஒவ்வொரு பந்துக்கும் எனக்குள் பாரம் குறைந்துகொண்டே வந்தது. எல்லாம் முடிந்ததென்று நினைத்தேன், சந்தோஷமாகக்கூட இருந்தது.

அப்போது கண்மாய்க் கரையிலிருந்து அவன் இறங்கி வந்தான். இடது கண்ணை மறைத்துத் தலையைச் சுற்றித் துணி கட்டியிருந்தான். இளைத்துப்போயிருந்தான். நேராகக் கேப்டனிடம் போய்ப் பந்தைக் கேட்டான்.

"ஒனக்கு ஏதுடா பந்து? நீதான் கம்பம் நின்னு போயிட்டியே," என்றார் கேப்டன்.

"நின்னேண்ணே. ஆனா எங்க போனேன்? என்னைய யாரும் எடுக்கலயே. அப்ப நான் இன்னும் இந்த டீமுதான?"

கேப்டன் பந்தை அவன் கையில் கொடுத்தார்.

அவன் பள்ளத்தைத் திரும்பிப் பார்த்தான். அது வறண்டு வெடித்துக் கிடந்தது. பந்தைப் பத்தடியில் வைத்து, வார் தைத்த பக்கத்தை எனக்கு நேரே திருப்பினான், நான் செய்த மாதிரியே. எனக்குப் பயமாக இருந்தது. ஆனால் கண்ணை மூடவில்லை. எது போனாலும் போகட்டும், அது அவனுக்குச் சேர வேண்டியது என்று மனதாரச் சொல்லிக்கொண்டு முகத்தை நிமிர்த்தி நின்றேன்.

ஓடிவந்து உதைத்தான். அவன் கால் பந்தின் நடுவில் படவில்லை, விளிம்பில்தான் பட்டது. பந்து எனக்கு மூன்று கஜம் தள்ளி, கம்பத்துக்கு வெளியே உருண்டு போய்க் கருவேலம் புதரில் நின்றது. ஒற்றைக் கண்ணால் பார்க்கும்போது பந்து எவ்வளவு தூரத்தில் கிடக்கிறது என்று அவனுக்குத் தெரியவில்லை. அவனே அதை அப்போதுதான் தெரிந்துகொண்டான் என்பது அவன் நின்ற நிலையில் தெரிந்தது. யாரும் சிரிக்கவில்லை. பத்துப் பேரும் தரையைப் பார்த்தார்கள்.

"இன்னொண்ணு அடிடா மாப்ள," என்றேன். "பக்கத்துல வந்து அடி. எம்புட்டுப் பக்கத்துல வேணும்னாலும் வா. நான் நகர மாட்டேன்."

"ஆளுக்கு ஒண்ணுதானடா," என்றான்.

நான் அழுதேன். கை கட்டியிருந்ததால் கண்ணைத் துடைக்க முடியவில்லை. அவன் என்னிடம் வந்து, பின்னால் போய் முடிச்சை அவிழ்த்துவிட்டான். துண்டை உதறி என் தோளில் போட்டான். அடிப்பான் என்று அப்போதும் எதிர்பார்த்தேன்.

"எப்பலேர்ந்து வேல?"

"நாளைக்கி."

"ஆறு மணிக்குச் சங்கு ஊதிட்டா கேட்டச் சாத்திருவாங்க. முன்னாடியே போயிரு. எனக்கு அப்பிடித்தான் சொன்னாரு, அந்தக் கிளார்க்கு."

கலர் குடிக்க அவன் நிற்கவில்லை. கரையேறிப் போய்விட்டான்.

மறுநாள் நொண்டிக்கொண்டே போய், சங்குக்கு முன்னால் மில் கேட்டில் நின்றேன். அந்த மில் மூடுகிற வரைக்கும் வேலை பார்த்தேன், ஒரு நாளும் தாமதமாகப் போனதில்லை. பத்துப் பேர் உதைத்த பத்துப் பந்தும் உடம்பில் எங்கெங்கே பட்டன என்று இன்றைக்கும் தொட்டுக் காட்டுவேன். அவன் பந்து மட்டும் என்மேல் படவில்லை. பட்டிருக்கலாம்.