வாசல் சிவம் அண்ணையுடையது

குளிர் வந்துவிட்டதென்று இன்று காலை பழைய கோட்டை எடுத்து உதறினேன். வலது பை மட்டும் இன்னும் தொங்கிப்போய்க் கிடக்கிறது. நீங்கள் பார்த்தால் கஞ்சன் என்பீர்கள். என் மனைவி அப்படித்தான் சொல்கிறாள். பை தொங்குவது சாவிக்கொத்து இழுத்த இழுவை. பைக்குள் கையை விட்டு விரலை முகர்ந்தேன். பித்தளை மணம் இல்லை.

ஜெர்மனியில், பீலெஃபெல்ட் நகரின் பூட்டிய மனநோய் விடுதி ஒன்றில் நான் தாதிப் பயிற்சி பெற்ற காலம் அது. வேறெங்கும் இடம் கிடைக்கவில்லை. அதுதான் என் சேவை மனப்பான்மை. சமையலறைக்கு ஒரு சாவி, குளியலறைக்கு ஒரு சாவி, வெளிக்கதவுக்குப் பெரிய சாவி. நடந்தால் கோயில் மாடு மாதிரிக் கிலுங்குவேன். நோயாளிகள் என் முகத்தைப் பார்க்கமாட்டார்கள், பையைத்தான் பார்ப்பார்கள்.

டொக்டர் மார்ட்டா சாவியைத் தொடுவதேயில்லை. மழைக்குள் சைக்கிள் மிதித்து வந்த கம்பளிச் சட்டை மணக்க மணக்க, நோயாளிகளைப் போலவே, யாராவது திறக்கட்டும் என்று கதவுக்கு முன்னால் காத்து நிற்பார். மருந்து எழுதிய நேரத்தைவிட, தன் நோயாளிகளுக்கு அறை கேட்டு வீட்டுச் சொந்தக்காரர்களோடு தொலைபேசியில் சண்டை பிடித்த நேரம் அதிகம். "அறை இல்லாதவனுக்கு மாத்திரை எதுக்கு?" என்பார்.

அதே கதவடியில் நாள் முழுக்க நிற்கும் நோயாளி சிவம் அண்ணை, யாழ்ப்பாணத்துக்காரர். தப்பியோடப் பார்க்கிறார் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். ஊரில் என்ன வேலை பார்த்தீர்கள் என்று டொக்டர்தான் ஒருநாள் என் மூலம் கேட்டார்.

"மினிபஸ் கொண்டக்டர். வாசல்லை நிண்டே பழகிட்டுது. குந்தியிருக்க ஏலாது, தம்பி."

டொக்டர் மேசையில் ஓங்கி அடித்துச் சிரித்தார். பகலில் கதவைத் திறந்துவிட வேண்டும் என்று தலைமை மருத்துவரோடு அவர் மல்லுக்கட்டிக்கொண்டிருந்த நேரம் அது. கடைசியில் ஒரேயொரு நாள் கிடைத்தது. மாலைச் சாப்பாட்டுக்கு ஒருவர் குறைந்தாலும் மறுபடி பூட்டு. பிறகு பேச்சே இல்லை.

"ஓடுறவையளை நீதான் பிடிச்சுக்கொண்டு வரவேணும்," என்று தலைமைத் தாதி ஜெர்மன் மொழியில் என்னைக் கேலி செய்தார்.

கதவு திறந்தது. ஒவ்வொருவராக, வெளிச்சத்துக்குக் கண் கூசியபடி, போனார்கள். பின்னேரம் மழை பிடித்தது. பாணும் சீஸும் மேசைக்கு வந்தபோது பாதி நாற்காலி வெறுமை. சிவம் அண்ணையையும் காணோம். டொக்டர் ஜன்னலடியில் நகம் கடித்துக்கொண்டு நின்றார். தலைமைத் தாதி என்னிடம் கையை நீட்டினார், பெரிய சாவிக்கு.

அப்போது ட்ராம் நிறுத்தப் பக்கமிருந்து ஒரு குரல்.

"ஏறுங்கோ, ஏறுங்கோ! உள்ளுக்கு இடமிருக்கு! அக்கா, காலைப் பாத்து வையுங்கோ! ஐயா, பின்னுக்குத் தள்ளி நில்லுங்கோ!"

ஒரு தமிழ்ச் சொல்லும் அறியாத ஜெர்மன்காரர்கள், நனைந்த தொப்பிகளோடு, வரிசையாக விடுதிப் படியேறினார்கள். இனி இந்தப் பக்கம் வரமாட்டேன் என்று காலையில் சத்தியம் செய்துவிட்டுப் போன ஹெல்காவும் சிரித்துக்கொண்டே ஏறினாள். கடைசியாகச் சிவம் அண்ணை. கதவில் இரண்டு தட்டு.

"றைட்!"

நாற்காலிகள் நிறைந்தன. டொக்டர் ஓடிப்போய்த் தானும் இரண்டு தட்டுத் தட்டினார். "றைட்!" அதைத் தமிழென்றே அவர் கடைசிவரை நம்பியிருந்தார்.

அதன் பிறகு அந்தக் கதவு பகலில் பூட்டப்படவேயில்லை. சிவம் அண்ணைக்கும் டொக்டர் சண்டை பிடித்தே ஒரு அறை வாங்கிக் கொடுத்தார். இப்போது அங்கே ஆளைக் கண்டதும் தானாக விலகும் கண்ணாடிக் கதவு. பயிற்சிக்கு வரும் பிள்ளைகளின் பைகள் தட்டையாக இருக்கின்றன. பூட்டு போயிற்று, பித்தளை மணம் போயிற்று, டொக்டரும் ஓய்வுபெற்றுக் கடலோரம் போய்விட்டார்.

அவர் கிளம்பிய நாளில் ட்ராம் நிறுத்தத்தில் கூட்டமாக நின்றோம். சிவம் அண்ணை ஓடிவந்து ட்ராமின் விலாவில் இரண்டு தட்டுத் தட்டினார். முன்னால் இருந்த ஓட்டுநருக்குக் கேட்டிருக்க வழியில்லை. ஆனாலும் அண்ணை "றைட்!" என்ற பிறகுதான் ட்ராம் புறப்பட்டது.