கடைசிப் படகும் திருகோணமலை போர்வெல்லும்

1. கப்பல் நிற்காதுங்க

சுற்றுலா வேலைக்குப் புதிதாக வரும் பிள்ளைகள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி, "மேடம், கப்பல்ல உங்களுக்கு என்ன வேலை?" என்பதுதான். கப்பலில் எனக்கு ஒரு வேலையும் கிடையாது. சாப்பாடு அவர்கள் போடுகிறார்கள், ரூமை அவர்கள் கூட்டுகிறார்கள், பாட்டுக் கச்சேரியும் அவர்களே வைக்கிறார்கள். என் குரூப் ஆட்கள் ஏசி குளிருது என்று இன்னொரு போர்வை கேட்பார்கள், தயிர் புளிக்குது என்பார்கள், அவ்வளவுதான். என் வேலையெல்லாம் கரை இறங்கும் நாளில். ஆட்களைக் கப்பலிலிருந்து இறக்கி, ஊருக்குள் கூட்டிப்போய்க் காட்டி, ஒருவர் குறையாமல் திரும்ப ஏற்ற வேண்டும். இறக்குவதும் காட்டுவதும் சுலபம். ஏற்றுவதற்குள்தான் உயிர் போய் உயிர் வரும்.

நான் கொண்டப்பநாயக்கன்பட்டிக்காரி, பெயர் அமுதா. சேலத்தில் ஒரு டிராவல்ஸ் ஆபீஸில் டிக்கெட் போடும் வேலையில் சேர்ந்து, கோயில் பஸ்களில் கைடாகப் போய், இப்போது கப்பல் குரூப்புகளுக்கு டூர் மேனேஜர். குரூப்பெல்லாம் சேலம், நாமக்கல் பக்கத்து ஆட்கள். கோழிப்பண்ணை, தறி, லாரி, போர்வெல் போடும் ரிக் வண்டி, இந்த நாலில் எதிலும் சேராதவர் யாராவது வந்தால் அவர் பேங்கில் ரிட்டயர் ஆனவராக இருப்பார்.

நம் ஆட்களுக்குக் கோயில் டூர் பஸ் பழக்கம். ஒருத்தர் டீ குடிக்க இறங்கினாலும் பஸ் நிற்கும். டிரைவர் வண்டியை எடுக்கப் பார்த்தால், டீ குடிக்கப் போனவரின் வீட்டுக்காரம்மா படிக்கட்டில் ஒரு காலும் தரையில் ஒரு காலுமாக நின்றுகொள்வார். அப்புறம் எந்த டிரைவர் எடுப்பான்? இப்படியே ராமேஸ்வரம் வரைக்கும் போய் வந்தவர்கள்.

கப்பலில் இது நடக்காது. கப்பல்காரர்களே நடத்தும் டூரில் போய் லேட்டானால் கப்பல் காத்திருக்கும். சொந்தமாக வேன் பிடித்துப் போய் லேட்டானால் விட்டுவிட்டுப் போய்விடும். அடுத்த துறைமுகத்துக்கு உங்கள் செலவில், உங்கள் பாட்டில் வந்து சேர வேண்டியதுதான். கப்பல் ஏறின அன்றே எல்லாரையும் உட்கார வைத்து இதைச் சொல்லிவிடுவேன். எல்லாரும் நன்றாகத் தலையாட்டுவார்கள். ஆட்டி முடித்ததும், "கப்பல் டூரு எதுக்குங்க அம்மணி, நாமளே ஒரு வேனைப் புடிச்சுக்கலாம்" என்பார்கள். அடேங்கப்பா, அந்த ஒரு விஷயத்தில் மட்டும் என்ன ஒற்றுமை!

2. சென்னியப்பன் அண்ணனும் சரோஜா அக்காவும்

சென்னையிலிருந்து இலங்கைக்குப் போன ஒரு கப்பலில் நடந்ததைச் சொல்கிறேன். முதலில் திருகோணமலை, அடுத்து காங்கேசன்துறை, பிறகு திரும்பச் சென்னை. இரண்டு ஊரிலும் கப்பல் தள்ளி நங்கூரம் போட்டு நிற்கும். சின்னப் படகில் ஆட்களை ஏற்றிக் கரைக்குக் கொண்டுபோய் விடுவார்கள்.

அந்தக் குரூப்பில் திருச்செங்கோட்டிலிருந்து சென்னியப்பன் அண்ணனும் அவர் மனைவி சரோஜா அக்காவும் வந்திருந்தார்கள். அண்ணன் ரிக் ஓனர். கிளீனராக ஏறி, டிரில்லராகி, சொந்த வண்டி போட்டவர். ஆந்திரா, மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான் என்று பாதி இந்தியாவில் போர் ஓட்டியிருக்கிறார். அக்கா திருச்செங்கோட்டை விட்டு அதிகம் நகர்ந்ததில்லை. கல்யாணமான நாளிலிருந்து இருவரும் சேர்ந்து வெளியூர் வருவது இதுதான் முதல் தடவை என்று கப்பல் ஏறும்போதே அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்.

சும்மா ஊர் பார்க்க அக்கா வரவில்லை. மகளுக்குப் பல வருடம் கழித்துக் குழந்தை தங்கியபோது, நல்லபடியாகப் பிறந்தால் கடலைப் பார்த்த சிவன் கோயிலில் நாங்கள் இரண்டு பேரும் ஜோடியாக நின்று அர்ச்சனை செய்கிறோம் என்று வேண்டிக்கொண்டிருந்தார். பேத்திக்குப் பல் முளைத்து நடக்கவும் ஆரம்பித்தாயிற்று. அண்ணனுக்குத்தான் ஜோடியாக நிற்க நேரம் வாய்க்கவில்லை. கடைசியில் திருகோணமலை கோணேஸ்வரத்துக்கு அவரை இழுத்து வந்துவிட்டார்.

"இந்தத் தடவ எங்கயும் ஓட முடியாது கண்ணு. சுத்தியும் கடலு" என்று சொல்லிச் சிரித்தார்.

3. ரிக் சத்தம்

கோணேஸ்வரம் போகிற வழியெல்லாம் அண்ணன் நல்ல பிள்ளையாக, நாங்களே பிடித்த வேனில் உட்கார்ந்து வந்தார். கோயில் பக்கத்தில் இறங்கி, அக்கா அர்ச்சனைத் தட்டு வாங்கிக்கொண்டிருந்தபோதுதான் ஊருக்குள் எங்கோ ஒரு கம்ப்ரசர் உறுமும் சத்தம் கேட்டது. எனக்கு அது வெறும் இரைச்சல். அண்ணன் காதைச் சாய்த்தார்.

"பாறையில ஓடுது" என்றார்.

"என்னதுங்கண்ணா?"

"போர் ஓடுதுங்க அம்மணி. செத்த இருங்க, ஒரு பார்வை பாத்துட்டு வாரேன்."

"ஏனுங்க, தட்டு வாங்கியாச்சுங்க" என்று அக்கா சொல்லி முடிப்பதற்குள் அவர் ஒரு ஆட்டோவில் ஏறியிருந்தார்.

நாங்கள் எல்லாரும் சாமி கும்பிட்டு வெளியே வந்தோம். அக்கா வாசலிலேயே தட்டோடு நின்றார். "நீங்க பண்ணிடுங்கக்கா, அண்ணன் வந்து கும்பிட்டுக்கட்டும்" என்றேன். "ஜோடியான்னு வேண்டிட்டேனே" என்றார். குரூப் சாப்பிடப் போனது. அக்கா வரவில்லை. குருக்கள் இரண்டு தடவை எட்டிப் பார்த்துவிட்டு நடையைச் சாத்தினார். வெற்றிலை வாடிப்போன தட்டை அக்கா என் கையில் கொடுத்துவிட்டு வேனில் போய் உட்கார்ந்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது, ஆனால் அவருக்கு வரவில்லை.

அதற்குப் பிறகுதான் அந்த ஆட்டோக்காரர் தன் போனிலிருந்து கூப்பிட்டார். என் நம்பர் அண்ணன் கழுத்தில் மாட்டியிருந்த அட்டையில் இருந்தது.

"அக்கா, நான் ஓட்டோக்கார யோகன் கதைக்கிறன். ஐயா இஞ்ச கிணறு துளைக்கிற இடத்தில நிக்கிறார். கூப்பிட்டுப் பாத்திட்டன், வாறாரில்லை. அந்த மெசினும் உங்கட ஊர் மெசினாம்."

போனை அவரிடம் கொடுக்கச் சொன்னேன்.

"அம்மணி! நம்மூருல கட்டுன வண்டிங்க! நெத்தியில 'அர்த்தநாரீஸ்வரர் துணை'ன்னு எழுதியிருக்குது. கடல் தாண்டி வந்து நிக்குது பாருங்க!"

"அண்ணா, நடை சாத்திட்டாங்க. அக்கா அவ்வளவு நேரம் நின்னாங்க. கெளம்பி வாங்க, கடைசிப் படகு போயிரும்."

"ஈரம் காட்டிருச்சுங்க. இன்னும் ரெண்டு ராடு உட்டா தண்ணி."

"அது உங்க போர் இல்லீங்கண்ணா!"

"யாரு போரா இருந்தா என்னங்க? பாயிண்ட்டுல கால் வெச்சாச்சு. தண்ணி பாக்காம கெளம்புனா அந்த ஊட்டுக்காரங்களுக்கு நல்லதில்லீங்க."

ரிக் ஆட்களிடம் இப்படி ஒரு வழக்கம் இருக்கிறது. போர் ஓடுகிற இடத்தில் வந்து நின்றவர், தண்ணீர் வருவதற்கு முன் முதுகைக் காட்டிக்கொண்டு போகக் கூடாதாம். முதலாளியாக இருந்தாலும், வேடிக்கை பார்க்க வந்தவராக இருந்தாலும் சரி. கோயில் வாசலில் நின்ற பொண்டாட்டிக்கு முதுகைக் காட்டலாமா என்று கேட்க என் வாய் துறுதுறுத்தது. அதற்குள் லைன் கட்டாகிவிட்டது.

4. மாதேஸ்வரனின் கால்

படகுத்துறையில் கப்பலின் செக்யூரிட்டி ஆபீசர் நின்றிருந்தார். மும்பைக்காரர். நான் என் ஓட்டை இங்கிலீஷிலும் அதைவிட ஓட்டையான இந்தியிலும் கெஞ்சினேன். "மேடம், லாஸ்ட் போட்" என்பதைத் தவிர அவர் வாயிலிருந்து வேறு வார்த்தை வரவில்லை.

குமாரபாளையத்துத் தறிக்காரர் மாதேஸ்வரன் நிலைமையைப் பார்த்தார். பேசாமல் போய்ப் படகின் விளிம்பில் ஒரு காலும் துறையில் ஒரு காலுமாக நின்றுவிட்டார். படகு ஆடுகிறது, மனுசன் கால் அகன்றுகொண்டே போகிறது, ஆனாலும் எடுக்கவில்லை. "அண்ணன் வராம எப்படிங்க போறது? நான் எடுக்க மாட்டேனுங்க" என்று ஒரே பிடிவாதம். ஆபீசர் விசிலை ஊது ஊது என்று ஊதினார். அவர் பயிற்சிப் பள்ளியில் இப்படி ஒரு பாடம் இருந்திருக்காது.

படகுக்குள் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்த சரோஜா அக்கா நிமிர்ந்தார்.

"தம்பி, காலை எடு."

"ஏனுங்க அக்கா, அண்ணன் வர வேண்டாமுங்களா?"

"அவருக்குத் தண்ணி வந்தா வருவாரு. காலை எடு சாமி. அம்மணி, போட்டை எடுக்கச் சொல்லு."

"அக்கா, வேத்து நாடுங்க" என்றேன்.

"நான் நிக்காத நிலையா? அவரு ரிக்கோட போவாரு, நான் ஊட்டுல நிப்பேன். புள்ள பொறந்தப்பவும் நின்னேன், எங்கப்பன் செத்தப்பவும் நின்னேன். இன்னிக்குக் கோயில் வாசல்லயும் நின்னாச்சு. இனிமே நிக்க மாட்டேன். எடுக்கச் சொல்லு."

மாதேஸ்வரன் காலை எடுத்தார். படகு கிளம்பியது.

ஆள் கரையில் தங்கிவிட்டால் கப்பலில் ஒரு முறை உண்டு. அவருடைய பாஸ்போர்ட்டை ரூமிலிருந்து எடுத்துத் துறைமுக ஏஜெண்டிடம் ஒப்படைத்துவிடுவார்கள். ஆபீசரோடு நானும் போனேன். அக்கா பெட்டகத்தைத் திறந்து பாஸ்போர்ட்டை எடுத்துக் கொடுத்தார். பிறகு ஒரு பையில் பிரஷர் மாத்திரையையும் ஒரு துண்டையும் போட்டு, அதையும் கொடுத்தார்.

பாஸ்போர்ட்டை வாங்க ஏஜெண்டின் சின்ன லாஞ்ச் படகு கப்பலின் பக்கவாட்டுக் கதவுக்கு வந்தது. பையை நீட்டினேன். லாஞ்சில் சென்னியப்பன் அண்ணனே உட்கார்ந்திருந்தார்! யோகன் ஆட்டோவை விரட்டிக்கொண்டு வந்து, படகுத்துறையில் அவரை ஏஜெண்டின் கையில் பிடித்துக் கொடுத்திருக்கிறார். உச்சி முதல் பாதம் வரை பாறைத் தூள். விபூதியில் புரண்டு எழுந்தவர் போல இருந்தார். போன உயிர் எனக்குத் திரும்பி வந்தது. அடுத்த நொடியே அவரைக் கடலில் தள்ளிவிடலாமா என்றும் தோன்றியது.

"அம்மணி, தண்ணி வந்துருச்சுங்க! எளநி மாதிரி தண்ணி! அந்த ஊட்டம்மா அழுதுட்டாங்க!"

எனக்குப் பின்னாலேயே வந்திருந்த அக்கா முன்னால் வந்தார். அவரைத் தலை முதல் கால் வரை பார்த்தார்.

"பைக்குள்ள மாத்திரை இருக்குது. மொதல்ல அதைப் போடுங்க."

அவ்வளவுதான். திரும்பி நடந்துவிட்டார். அண்ணன் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு அங்கேயே நின்றார்.

இரவுச் சாப்பாட்டின்போது அண்ணன் சமாதானம் செய்யப் பார்த்தார். அக்கா தயிர்சாதத்தைப் பிசைந்துகொண்டே சொன்னார்: "நம்மூரு மலை மேல இருக்கற சாமி பொண்டாட்டிக்கு உடம்புல பாதியக் குடுத்திருக்குது. அந்தச் சாமி பேரப் பாத்துட்டுத்தான் நீங்க அங்க நின்னீங்களாக்கும்? எனக்கு அரை நாளு குடுக்க முடியல."

மேசையில் இருந்த மற்றவர்கள் அவசரமாக ஐஸ்கிரீம் எடுக்கப் போனார்கள். அண்ணனால் போக முடியவில்லை.

5. கீரிமலை

காங்கேசன்துறையில் முதல் படகில் முதல் ஆள் சென்னியப்பன் அண்ணன். வெள்ளை வேட்டி, நெற்றி நிறைய விபூதி. பக்கத்தில் கீரிமலையில் நகுலேஸ்வரம் இருக்கிறது. அதுவும் கடலைப் பார்த்த சிவன்தான். கேட்காமலேயே அவரே தேங்காய், பழம், பூ என்று அர்ச்சனைத் தட்டை வாங்கிக்கொண்டு வந்துவிட்டார்.

கீரிமலையில் கடலோரமாக ஊற்றுத் தண்ணீர்க் கேணி உண்டு. ஆண்களுக்கு ஒன்று, பெண்களுக்குத் தனியாக மறைவாக ஒன்று. அக்கா தட்டைப் பார்த்தார், அவரைப் பார்த்தார்.

"செத்த இருங்க. ஒரு முழுக்குப் போட்டுட்டு வாரேன்."

அண்ணன் தட்டோடு நின்றார். ஆண்கள் கேணியில் மாதேஸ்வரன் கும்பல் தண்ணீரைக் கலக்கிக்கொண்டிருந்தது. "அண்ணா, ஊத்துத் தண்ணிங்க, போர் போடாமயே வருது. வந்து ஒரு முழுக்குப் போடுங்க!" என்று கூப்பிட்டார்கள். "இல்லீங்க, அவ வந்துருவா" என்றார் அண்ணன். வெயில் ஏறியது. கால் மாற்றி நின்றார். தட்டைக் கை மாற்றினார். வருகிற பெண்களையெல்லாம் எட்டிப் பார்த்துவிட்டு, அவர்கள் முறைத்ததும் தலையைக் குனிந்துகொண்டார்.

"அம்மணி, நீங்க கொஞ்சம் உள்ள போயிப் பாருங்க. கால் கீது வழுக்கிருச்சோ என்னமோ."

உள்ளே போனேன். அக்கா குளித்து, சேலை மாற்றி, தலைமுடியும் காய்ந்துபோய், தண்ணீரில் காலைத் தொங்கவிட்டுப் படியில் உட்கார்ந்திருந்தார்.

"அக்கா, குளிச்சாச்சுங்களா?"

"அப்பவே ஆச்சு."

"அண்ணன் நிக்கறாருங்க."

"நிக்கட்டும்."

நானும் செருப்பைக் கழற்றிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தேன். தண்ணீர் ஜில்லென்று இருந்தது. கொஞ்ச நேரம் கழித்து, "நடை எப்பச் சாத்துவாங்க?" என்று கேட்டார்.

"இன்னும் நேரம் இருக்குதுங்க."

"அப்ப இன்னொரு முழுக்குப் போட்டுடறேன்" என்று சேலையோடு இறங்கிவிட்டார். நான் சிரித்த சிரிப்பு வெளியே வாசல் வரை கேட்டிருக்கும்.

நடை சாத்துவதற்குள் அர்ச்சனை முடிந்தது. ஈரச் சேலையும் வியர்த்த சட்டையுமாக இருவரும் ஜோடியாகத்தான் நின்றார்கள். பேத்தி பெயரைச் சொல்லும்போது அக்கா அழுதார்.

புதிதாக வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். கரையில் தலை எண்ணும்போது வராத ஆளைப் பற்றியே பதறிக்கொண்டு நிற்காதீர்கள். அவருக்காக ஒருவர் எங்காவது நின்றுகொண்டிருப்பார், முதலில் அவரைப் போய்ப் பாருங்கள். உட்கார ஒரு நாற்காலி கொடுங்கள், தண்ணீர் கொடுங்கள், சாப்பிட்டாரா என்று கேளுங்கள். கோணேஸ்வரத்து வாசலில் எனக்கு அது தோன்றவில்லை.

அன்று திரும்பும் படகில் அண்ணன் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து கெண்டைக்காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க அம்மணி, நிக்கறது இவ்வளவு சிரமமுன்னு இவ எங்கிட்ட ஒரு நாளும் சொன்னதில்லீங்களே."

"சொல்றப்ப நீங்க எந்த ஊர்ல இருந்தீங்கண்ணா?"

அவர் எழுந்து, படகு ஆட ஆட, கம்பியைப் பிடித்துக்கொண்டு போய் அக்கா பக்கத்தில் நின்றார். அக்கா தன் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, அவருக்கு உட்கார இடம் விட்டார்.