தகரத்தின் மேல் ஓர் ஓலைக் கூரை

காலை ஒன்பது மணிக்கே தொழிலாளர் வரிசை வீடுகளான எங்கள் லயத்துக் கூரை 'டிக் டிக்' என்று சத்தம் போடத் தொடங்கிவிடும். புதுத் தகரம் வெயிலில் விரிகிற சத்தம் அது. மலாயாவில், கோலசிலாங்கூருக்கு வடக்கே ஒரு ரப்பர் தோட்டத்தில், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளில், எனக்கு எட்டு வயதாக இருந்தபோது, தீப்பிடிக்கும் என்று சொல்லி, 'அத்தாப்பு' என்று நாங்கள் சொல்லும் நீப்பா ஓலைக் கூரையைப் பிரித்துவிட்டுத் தகரம் போட்டார்கள். முதல் மழையில் ஒரு சொட்டும் ஒழுகாததில் எல்லோருக்கும் மகிழ்ச்சிதான். வெயில் பிடித்ததும் பகலில் உள்ளே கால்வைக்க முடியவில்லை.

அப்போது என் தம்பி பிறந்து இருபது நாள். உடம்பெல்லாம் வேர்க்குரு வெடித்து, பால் குடிக்கவும் தெம்பில்லாமல் சிணுங்கிக்கொண்டே கிடந்தான். ஈரத்துணியால் துடைத்துத் துடைத்துப் பார்த்த அம்மா, ஒருநாள் நண்பகலில் அவனைத் தூக்கிக்கொண்டு, என்னையும் கையில் பிடித்துக்கொண்டு, மேட்டிலிருந்த, தோட்டத்து வெள்ளைக்காரத் துரையின் பங்களாவுக்கு நடந்தாள். ஆளுயரத்துக்கும் மேலான மரத்தூண்களில் நின்ற அந்தப் பங்களாவுக்கு மட்டும் தடித்த அத்தாப்புக் கூரை அப்படியே இருந்தது. பங்களாவின் அடியில், காற்று தடையில்லாமல் ஓடிய நிழலில், அம்மா பழைய சேலையை விரித்துத் தம்பியைக் கிடத்தினாள். அவன் தூங்கிப்போனான்.

தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி, யாழ்ப்பாணத்துக்காரர், ஆபீசிலிருந்து ஓடி வந்தார். "என்ன வேலை பாத்தனி? எழும்பிப் போ! துரை கண்டால் என்னையெல்லோ ஏசுவார்."

"ஏசுனா ஏசட்டுங்க ஐயா. புள்ள வெந்து போவுது" என்றாள் அம்மா, எழுந்திருக்காமலே.

மறுநாள் கைக்குழந்தைக்காரிகள் இன்னும் நான்கு பேர் வந்துவிட்டார்கள். அன்று துரையே படியிறங்கி வந்து, தமக்குத் தெரிந்த தமிழில், "என்ன வேணும்?" என்று கேட்டார். தோட்டத்தை விட்டே விரட்டிவிடுவாரோ என்று நான் அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டேன்.

"ஒண்ணும் வேணாங்க தொரை. வெயில் தாழ்ந்ததும் போயிடுறோம். எங்க வூட்டுக்குள்ள ஒரு தடவ வந்து ஒக்காந்து பாருங்க" என்றாள் அம்மா.

அவர் வந்தார். முக்காலியில் உட்கார்ந்தார். சட்டை முதுகோடு ஒட்டியதும் எழுந்து போய்விட்டார். அடுத்த வாரம் கிராணிதான் வந்து, தகரத்தின் மேல் ஓலை போட்டுக்கொள்ளலாம், ஆனால் அடுப்பைத் தனிக் கொட்டகைக்கு மாற்றிவிட வேண்டும் என்று சொன்னார். அப்பாவும் மற்றவர்களும் ஞாயிற்றுக்கிழமை ஆற்றோரத்தில் நீப்பா ஓலை வெட்டிவந்து, தகரத்துக்கு ஒரு சாண் மேலே சட்டம் அடித்து வேய்ந்தார்கள். அந்த இடைவெளியில் காற்று புகுந்து போனதால் வீட்டுக்குள் வெக்கை தணிந்தது. தம்பியும் பத்து நாளில் தேறிவிட்டான்.

இப்போது அங்கே எண்ணெய்ப்பனை நிற்கிறது; லயமும் இல்லை, பங்களாவும் இல்லை. அம்மாவின் கடைசிக் காலத்தில், அன்று பயமாக இல்லையா என்று ஒருமுறை கேட்டேன்.

"பயந்தான்" என்றாள். "ஆனா அங்க காத்து வந்துச்சே."